மரத்துக்குக் காவல் உண்டு, மனிதனுக்கு?

(திருப்பதியில் நடந்த சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் "நிலைத்த வளர்ச்சியும் பருவநிலை மாற்றமும்" என்பது. தலைப்பைக் கேட்டவுடனே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். "இதெல்லாம் படித்தவர்கள் குளிர்சாதன மண்டபத்தில் உட்கார்ந்து பேசுகிற விஷயம். ஓட்டலில் மாவரைக்கிறவனுக்கும், கட்டிடத்தில் சித்தாள் வேலை பார்க்கிறவளுக்கும், மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் சீசனுக்குக் கூலி வாங்குகிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்ற கேள்விதான் அது. நியாயமான கேள்வி. இதுவரை நமக்கு அதை அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நாம் குடியிருக்கும் இடம் எது? சேஷாசல மலையின் அடிவாரம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு மரம் இந்த மலையிலே வளர்கிறது. அந்த மரத்தைக் காப்பாற்ற உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சட்டம் இருக்கிறது, துப்பாக்கி ஏந்திய தனிப்படை இருக்கிறது. அந்த மரத்தின் பெயரால் ஒரே நாளில் 20 கூலிக்காரர்கள் செத்து விழுந்ததும் இந்த மலையிலேதான். அவர்கள் நம் மொழி பேசியவர்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள். ஆகவே இந்தப் பொருளைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். காட்டைக் காக்க வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உழைக்கிறவனின் வயிற்றைக் கணக்கில் எடுக்காமல் போடப்படும் எந்தத் திட்டமும் காட்டையும் காக்காது, மனிதனையும் காக்காது.

காடு யாருக்கு வேண்டும்?

செம்மரம் என்று நாம் சொல்கிறோம், தெலுங்கில் எர்ர சந்தனம் என்கிறார்கள். சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்னூல் பகுதிகளில் உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிதான் அதன் தாயகம். சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா ஆகிய மலைகளின் வறண்ட கற்பாங்கான மண்ணில் அது வளர்கிறது. விலைபோகும் வயிரம் பாய்வதற்கு முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகும். தாத்தா காலத்து மரத்தைப் பேரன் காலத்தில்தான் வெட்ட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் 1995-ம் ஆண்டு முதல் இந்த மரம் இடம்பெற்றிருக்கிறது. 2010-ம் ஆண்டில் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

இந்தக் காடு நமக்கு என்ன தருகிறது? திருமலைக்கு வரும் லட்சோப லட்சம் பக்தர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி கோகர்ப்பம், பாபவிநாசம் அணைகளிலிருந்து வருகிறது. கீழே கல்யாணி அணை இருக்கிறது. இவையெல்லாம் இந்தக் காட்டின் மடியில் பெய்கிற மழைத் தண்ணீர். மலைச் சரிவில் மரமும் புதரும் இருந்தால் தண்ணீர் மெல்ல இறங்கும், மண் பிடித்து நிற்கும். சரிவு மொட்டையானால் பெய்கிற மழை ஒரே மூச்சில் ஓடி வந்து விடும்.

பருவநிலை தடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. 2021 நவம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்த மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. திருமலைப் பாதையில் மண் சரிந்தது. சுவர்ணமுகி கரை புரண்டது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்ய வைத்தார்கள். மலைக்கு அந்தப்புறம் கடப்பை மாவட்டத்தில் நவம்பர் 19-ம் தேதி செய்யேறு ஆற்றின் மேலிருந்த அன்னமய்யா அணை உடைந்து பலர் மாண்டார்கள். வெள்ளத்தில் முதலில் மூழ்கியவை யாருடைய வீடுகள்? பள்ளத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பவர்களின் வீடுகள். இன்னொரு பக்கம் 2014 மார்ச்சில் திருமலைக் காடுகளில் தீப்பிடித்தபோது அதை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது.

சூடு ஏறுவதும், மழை பொய்ப்பதும், பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதும் உலகெங்கும் கூடிவருகின்றன என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். ஆகவே காட்டைக் காப்பது பணக்காரனின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காடு போனால் முதலில் அடிபடுகிறவன் ஏழைதான்.

வெட்டுகிறவன் யார், விற்கிறவன் யார்?

அப்படியானால் இந்த மரத்தை வெட்டுகிறவன் நம் விரோதியா? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு செம்மரக் கட்டை மலையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற வழியில் எத்தனை கைகள் மாறுகின்றன! வெட்டுகிறவன், சுமக்கிறவன், வழிகாட்டுகிறவன், ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகன், லாரிக்காரன், கிடங்குக்காரன், துறைமுகத்தில் போலிக் காகிதம் தயார் செய்கிறவன், பணம் போடுகிற முதலாளி, அதற்கும் அப்பால் வெளிநாட்டு வியாபாரி. சீனத்தில் செல்வந்தர் வீட்டு நாற்காலியாகவும், ஜப்பானில் இசைக்கருவியின் உறுப்பாகவும் அது மாறுகிறது. நல்ல ரகக் கட்டை டன் ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் விலைபோகிறது. பிடிபட்ட கட்டைகளை ஆந்திர அரசு உலக அளவில் ஏலம் விட்டு நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் ஈட்டியிருக்கிறது. கோடரி பிடித்தவன் கைக்கு வருவதோ சில ஆயிரம் ரூபாய். அதிலும் தரகன் கொடுத்த முன்பணம் கழியும்.

பிடிபடுகிறவன் யார்? சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவன். குண்டடி பட்டுச் சாகிறவனும் அவனே.

நடந்தவற்றை நாம் ஒளிக்க வேண்டியதில்லை, கூட்டிச் சொல்லவும் வேண்டியதில்லை. 2013 டிசம்பரில் திருப்பதி அருகே சேஷாசலக் காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் மரம் வெட்டும் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்கு உழைத்தவர்கள்தாம். அவர்களுடைய மனைவி மக்களின் கண்ணீரும் கண்ணீர்தான். அந்தக் கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதையொட்டித் தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டு விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்தார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களில் 200-க்கும் மேற்பட்டோரைக் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. சிறையில் கழிந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது?

இதற்கிடையில் 2015 ஏப்ரல் 7-ம் தேதி வந்தது. சித்தூர் மாவட்டம் சந்திரகிரி மண்டலத்தைச் சேர்ந்த காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புத் தனிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கோடரியாலும் கல்லாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனவர்களும் இறந்தவர்களில் இருக்கிறார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். பெயிண்ட் வேலைக்கு, கட்டிட வேலைக்கு என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரவேண்டும் என்று ஆணையம் அதே ஆண்டில் பரிந்துரைத்தது. அதை எதிர்த்து ஆந்திர அரசு உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

அதோடு முடியவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்ட மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். இதன் நிழல் நம்மீதும் விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். லுங்கி கட்டி, தோளில் பையோடு, தமிழ் பேசிக்கொண்டு பேருந்தில் வருகிறவன் என்றாலே சோதனைச் சாவடியில் சந்தேகக் கண். திருவிழாவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிற கொத்தனாரையும் இறக்கி நிறுத்திக் கையைப் பிடித்துக் காய்ப்புப் பார்த்த காலம் உண்டு. உழைத்த கையில் காய்ப்பு இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

அவர்கள் ஏன் வருகிறார்கள்?

"சாவு என்று தெரிந்தும் ஏன் வருகிறான்?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இந்த மலையில் இல்லை. ஜவ்வாது மலையிலும், கல்வராயன் மலையிலும், சித்தேரி மலையிலும் இருக்கிறது.

அந்த மலைகளில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் மலையாளி என்ற பெயர் வந்தது என்பார்கள். ஆனால் மலை அவர்கள் கையில் இல்லை. 1882-ம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்து வெள்ளைக்காரன் காட்டுக்கு வேலி போட்டான். அன்று முதல் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய காட்டில் அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். அவர்களுக்கு மிஞ்சியது மானாவாரிச் சரிவு நிலம். சாமை, தினை, கேழ்வரகு விதைப்பார்கள். மழை வந்தால் சாப்பாடு, வராவிட்டால் கடன். சாமையை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போகிற வியாபாரி அதை நகரத்தில் என்ன விலைக்கு விற்கிறான் என்பதைக் கடை வாசலில் நின்று பாருங்கள், தெரியும்.

ஒருகாலத்தில் ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பேர் போனது. அந்த மரத்தை வெட்டவும், பட்டை செதுக்கி வயிரத்தைப் பிரிக்கவும் அந்த மக்களின் கை பழகியது. சர்க்காருக்கும் வெட்டினார்கள், கடத்தல்காரனுக்கும் வெட்டினார்கள். சந்தனம் தீர்ந்தது. கைப்பழக்கம் மட்டும் நின்றது. செம்மர முதலாளி தேடி வந்தது அந்தக் கைப்பழக்கத்தைத்தான். ஊருக்குள் தரகன் வருகிறான். கல்யாணச் செலவு, வைத்தியச் செலவு, பொய்த்துப்போன சாகுபடிக் கடன் எல்லாவற்றையும் அவன் அறிந்து வைத்திருக்கிறான். கையில் முன்பணம் வைக்கிறான். அப்புறம் போகமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. கேரளத் தோட்டங்களுக்கும், குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும், திருப்பூருக்கும், பெங்களூருக்கும் புறப்படுகிற அதே வறுமைதான் இந்த மலைக்கும் ஆளை அனுப்புகிறது. சாலை மட்டும் வேறு.

காட்டில் வாழ்கிறவர்களுக்கு நிலத்தின் மீதும் காட்டு விளைபொருள் மீதும் உரிமை தரும் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டில் வழக்குகளால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் தடைபட்டு நின்றது. 2016-ல் உச்சநீதிமன்றம் வழி திறந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அதற்குள் எத்தனை இளைஞர்கள் கோடரியோடு பஸ் ஏறிவிட்டார்கள்!

இது மொழிச் சண்டை அல்ல

தோழர்களே, இந்த இடத்தில் நம்மை வழி தவறச் செய்யப் பலர் காத்திருக்கிறார்கள். "தெலுங்கன் தமிழனைச் சுட்டான்" என்று மேடையில் முழங்கிவிட்டு ஓட்டு வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறோம். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காட்டின் தலைநகர். இன்றைக்கும் நகரியிலும் புத்தூரிலும் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே வீட்டில் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். நமக்கு வாடகைக்கு வீடு கொடுத்தவரும், பக்கத்தில் நின்று கல் சுமக்கிறவரும் தெலுங்குக்காரர்தான். சேஷாசல அடிவாரத்து யானாதி மக்களும் காட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களே.

இன்னும் ஒன்று சொல்கிறோம். 1992 ஜூன் 20-ம் தேதி தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்தவர்கள் யார்? தமிழ்நாட்டு வனத்துறையும், போலீசும், வருவாய்த் துறையும். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். கிணற்றைக் கெடுத்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிறைக்கு அனுப்பினார்கள். சொன்னது தமிழ், அடித்தது தமிழ், அழுததும் தமிழ். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. 2011 செப்டம்பர் 29-ம் தேதி தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. நீதிக்கு 31 ஆண்டுகள்! ஆனாலும் நீதி வந்தது. படிப்பறிவு இல்லாத பெண்கள் நீதிமன்றத்தில் நின்று ஆளை அடையாளம் காட்டியதால் வந்தது. தாய்மார்களே, இதை நினைவில் வையுங்கள்.

உலக மாநாடுகளும் நம் மலையும்

வாச்சாத்தி நடந்த அந்த ஜூன் மாதத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பிரேசிலில் ரியோ நகரில் உலகத் தலைவர்களெல்லாம் கூடி, பூமியைக் காப்போம், நிலைத்த வளர்ச்சி காண்போம் என்று கையெழுத்திட்டார்கள். மாநாடு முடிந்தது 14-ம் தேதி. ஆறாம் நாள் வாச்சாத்தி.

2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் சேஷாசலத்தில் 20 பிணங்கள். செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை 17 வளர்ச்சி இலக்குகளை அறிவித்து, ஒருவரையும் பின்னால் விட்டுவிட மாட்டோம் என்று உறுதி கூறியது. டிசம்பரில் பாரிசில் பருவநிலை ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தையொட்டி இந்தியா கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று காடு பற்றியது. 2030-க்குள் காடுகளாலும் மரங்களாலும் 250 முதல் 300 கோடி டன் வரை கரியமில வாயுவைக் கூடுதலாக உறிஞ்சச் செய்வோம் என்பது அது. நல்ல வாக்குறுதி, நிறைவேற வேண்டும். ஆனால் அந்தக் காட்டோரத்தில் கோடரியும் கையுமாக நிற்கிற மனிதன் அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் வருகிறான்?

வளர்ந்த நாடுகளின் நியாயத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு மனிதன் பெயரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. இந்தியாவில் ஏறக்குறைய 2 டன். அதிலும் மலைக் குடிசையில் சுள்ளி எரிப்பவனின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் உதவி 2020-க்குள் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-ல்தான். அதிலும் பெரும்பகுதி கடன். சூட்டை உண்டாக்கியவன் கடன் கொடுக்கிறான், சூட்டில் வேகிறவன் வட்டி கட்டுகிறான். நாட்டுக்கு நாடு நடப்பது இது. நாட்டுக்குள்ளும் இதே கதை நடக்கக் கூடாது என்றுதான் நாம் சொல்கிறோம்.

வேறு வழி உண்டா?

உண்டு, அது கனவும் அல்ல. கேரளத்தில் தேக்கடி பெரியார் புலிகள் காப்பகத்தில் காட்டு இலவங்கப் பட்டை உரித்துக் கடத்தி, வழக்கும் சிறையுமாக அலைந்த ஒரு கூட்டம் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேசியது. குழுவாகச் சேர்த்து, வருகிற பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகிற வேலையையும் காவல் வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்தது. எந்தத் தடத்தில் கள்ளன் வருவான் என்பது அந்தத் தடத்தில் நடந்தவனுக்குத்தானே தெரியும்? அவர்கள் கொடுத்த தகவலால் மற்ற கடத்தல்காரர்கள் பிடிபட்டார்கள். காடும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது.

செம்மரத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தது. இயற்கை வளத்தை எடுத்து வியாபாரம் செய்கிறவன் கிடைத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும் என்று அது சொல்கிறது. சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் செம்மர வியாபாரத்திலிருந்து அப்படிப் பெற்ற பங்குத் தொகையைப் பிரித்துக் கொடுத்து வருகிறது. 2025-ல் ஆந்திராவில் செம்மரம் பயிரிட்ட ஏறக்குறைய 200 விவசாயிகளுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் கொடுத்திருக்கிறது. இது வரவேற்க வேண்டிய காரியம். பங்கு கொடுக்க முடியும் என்பது இதனால் நிரூபணம் ஆகிவிட்டது. நிலம் உள்ளவனுக்குப் பங்கு உண்டு என்றால், அந்த மரத்தைச் சுற்றி வாழ்ந்தும் நிலமில்லாதவனுக்கு ஏன் இல்லை?

ஆகவே நாம் கேட்பவை இவை.

முதலாவது, 2015 ஏப்ரல் 7-ம் தேதி நடந்ததன் முழு உண்மை நீதிமன்றத்தின் முன் வரவேண்டும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உரிய நிவாரணம் கைக்குக் கிடைக்க வேண்டும். பணியில் இறந்த வன ஊழியர்களின் குடும்பங்களுக்கும் நாம் இதையே கேட்கிறோம்.

இரண்டாவது, சட்டத்தின் கை மேலே நீள வேண்டும். பணம் போடுகிறவனையும், கிடங்கு வைத்திருப்பவனையும், துறைமுகத்தில் கதவு திறந்துவிடுகிறவனையும் பிடிக்காமல் கூலிக்காரனைப் பிடித்துக் கணக்குக் காட்டுவதால் ஒரு மரமும் மிஞ்சாது. ஒருவன் செத்தால் தரகன் அடுத்த ஊரில் இன்னொருவனுக்கு முன்பணம் கொடுப்பான்.

மூன்றாவது, பிடிபட்ட செம்மரத்தை ஏலம் விட்டு வருகிற பணத்தில் ஒரு பங்கு, சேஷாசல அடிவாரத்து யானாதிக் குடியிருப்புகளுக்கும், ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலை ஊர்களுக்கும் வேலையாகத் திரும்ப வேண்டும். நாற்றங்கால், தீத்தடுப்புக் கோடு, தடுப்பணை, காவல் என்று காட்டில் வேலைக்கா பஞ்சம்? வேலைக்குச் சரியான கூலியும், அடையாள அட்டையும், காப்பீடும் கொடுங்கள். கோடரி பிடித்த கை மண்வெட்டி பிடிக்கும்.

நான்காவது, மலையில் விளையும் சாமைக்கும், புளிக்கும், தேனுக்கும் கட்டுப்படியாகும் விலை வேண்டும். வன உரிமைப் பட்டா கேட்டு நிற்கிறவர்களுக்கு அது தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆள் பிடிக்கிறவன் உரிமம் வாங்க வேண்டும், தொழிலாளியின் பெயர் பதிவாக வேண்டும் என்று அது சொன்னது. காகிதத்தில்தான் பெரும்பாலும் இருந்தது. பின்னர் அது 2020-ம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. சட்டத்தின் பெயர் எதுவானாலும் ஆகட்டும். இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து திருப்பதியிலும் சித்தூரிலும் ஒரு பதிவு அலுவலகம் திறக்க வேண்டும். பெயர் பதிவான மனிதனை யாரும் பேர் தெரியாத பிணமாக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

அரசைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. நம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியவையும் உண்டு. ஊரிலிருந்து தம்பி, மச்சான், பங்காளி யாராவது "ஆந்திராவில் வேலை, நாலு நாளில் கைநிறையப் பணம்" என்று சொல்லி வந்தால், என்ன வேலை, யார் முதலாளி, எந்த இடம் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்த முன்பணத்தைத் தொடவிடாதீர்கள். நம் சங்கத்தின் பெயர்ப் பதிவேட்டில் ஒவ்வொரு குடும்பமும் ஊர்ப் பெயரோடும் வேலை இடத்தோடும் பதிய வேண்டும்.

யாராவது கைது செய்யப்பட்டால் கலங்கி உட்காராதீர்கள். காரணம் சொல்லாமல் காவலில் வைக்கக் கூடாது, வழக்கறிஞரைப் பார்க்கவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. வழிப் பயண நேரம் மட்டும் இதில் சேராது. காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும் 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். தெலுங்கில் எழுத நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் கற்ற தெலுங்கு, அப்பன்மார்களைக் காப்பாற்றப் பயன்படட்டும்.

தோழர்களே! நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்று நம் பிள்ளைகள் கேட்டால் நாம் சொல்ல வேண்டிய பதில் எளியது. மலையில் மரம் நிற்க வேண்டும், மடுவில் தண்ணீர் நிற்க வேண்டும், வீட்டுக்குப் புறப்பட்ட மனிதன் வீடு வந்து சேர வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் காப்பாற்ற முடியும் என்று யார் சொன்னாலும், எந்த மாநாட்டில் சொன்னாலும், அதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஜவ்வாது மலைக்காரனும் சேஷாசலத்து யானாதியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கேட்கிற நாள் வந்தால், அரசுகள் பதில் சொல்லித்தான் தீரும். அந்தப் பந்தியை விரிக்கிற வேலையை நாம் தொடங்குவோம்.